பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஒரு வார்த்தை



பள்ளிக்கூடம் என்றவுடன் கரும்பலகையும் புத்தகமும் ஆசிரியரும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. அந்தக் கட்டடத்தின் வாசற்புறத்தில் மாட்டியிருக்கும் மற்றொரு பலகையை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. 'நாளை விடுமுறை', 'வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம்', 'சீருடை வந்துவிட்டது' என்று சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டு, மறுநாள் காலையில் அழிக்கப்படும் அறிவிப்புப் பலகையைத்தான் சொல்கிறேன். பள்ளி வீட்டோடு பேசுவது அந்தப் பலகையின் வழியாகத்தான். அந்தப் பேச்சு வீட்டாரின் காதில் விழுகிறதா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதையும் கல்கத்தா நெடுஞ்சாலையும் கூடவே ஓடும் நிலப்பகுதி அது. கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் மீனவக் குப்பங்கள். மேற்கே நெல்வயல்களும் செங்கற்சூளைகளும். நடுவே சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளும் பிற தொழிற்சாலைகளும். ஆந்திர எல்லை அருகிலிருப்பதால் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. இத்தனை வகையான வீடுகளுக்கும் ஒரே பலகையில் ஒரே மொழியில் எழுதிவிட்டு, 'அறிவித்தாயிற்று' என்று மன நிறைவு கொள்வது எத்தகைய பேதைமை என்பதை ஒரு மழைநாள் எனக்குக் கற்பித்தது.

அது கார்த்திகை மாதம். இரவெல்லாம் கொட்டிய மழை விடிந்தும் ஓயவில்லை. காலை ஆறு மணிக்கு மேல், மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்த செய்தி தொலைக்காட்சியில் வந்தது. நானும் அதைப் பெற்றோர் கைப்பேசிகளுக்கு அனுப்பிவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பத்தரை மணியளவில், அலுவலக அறையில் நீர் புகுந்திருக்குமோ என்ற கவலையில் பள்ளிக்குச் சென்றேன். பூட்டிய கதவின் முன்னால், தாழ்வாரத்தின் ஓரத்தில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உடையெல்லாம் நனைந்து, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. "ஏனம்மா இங்கே நிற்கிறாய்?" என்றேன். "இன்னும் பெல் அடிக்கல சார்" என்றாள்.

அவளுடைய தாய் ஐந்தரை மணிக்கே தொழிற்சாலை வண்டியில் ஏறிப் போய்விட்டாள். தந்தை இரவு வேலையிலிருந்து திரும்பவில்லை. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி அவரிடம் இருந்தது. ஆலைக்குள் கைப்பேசி கொண்டு செல்லக் கூடாதென்று வாயிற்காவலில் வாங்கி வைத்துவிட்டார்கள். நான் அனுப்பிய செய்தி ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்தது. குழந்தை இரண்டரை மணிநேரம் மழையில் நின்றது. இதில் தாயைக் குறை கூறுவதற்கில்லை. தந்தையையும் குறை கூறுவதற்கில்லை. செய்தியை அனுப்பியவன் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. பிழை என்னுடையது.

அன்று முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். தெருவுக்கு ஒரு வீட்டைத் தேர்ந்தோம். அந்த வீட்டில் பகலில் யாரேனும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அவசரச் செய்தி அந்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து தெருவுக்குப் போகும். தொழிற்சாலை வண்டி நிற்கும் இடத்தருகே உள்ள தேநீர்க் கடையிலும், நியாயவிலைக் கடையிலும் அறிவிப்பின் படி ஒன்றை ஒட்டச் செய்தேன். பெற்றோர்களுக்கு நான் விடுக்கும் முதல் நினைவூட்டலும் இதுவே. நீங்கள் இல்லாத வேளையில் உங்கள் பிள்ளைக்குச் செய்தி சொல்லவும், பிள்ளையை வீட்டில் ஏற்றுக்கொள்ளவும் அண்டை வீட்டார் ஒருவரை ஏற்பாடு செய்து, அவர் யார் என்பதை வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். கைப்பேசி எண் மாறினால் அன்றைக்கே பள்ளியில் தெரிவியுங்கள்.

இனி, ஒரு தொடக்கப் பள்ளி ஆண்டு முழுவதும் வீடுகளுக்கு நினைவூட்ட வேண்டியவை யாவை, அவை ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்பதைச் சற்றே விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, பள்ளிக்கு வரும் நாட்களைப் பற்றியது. குழந்தைகளின் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகள் ஆண்டுக்கு 200 நாட்களாவது நடைபெற வேண்டும் என்று அச்சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இது நாற்பது வாரம். 'வாரத்தில் ஒருநாள் வராவிட்டால் என்ன?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் ஒருநாள் என்றால் ஆண்டுக்கு நாற்பது நாள். ஐந்தாண்டில் இருநூறு நாள். அதாவது, ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறும்போது அந்தக் குழந்தை ஓர் ஆண்டுப் படிப்பை முழுமையாக இழந்திருக்கும். சந்தைக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொள்ள, ஊர்த் திருவிழாவுக்கு ஒருநாள் முன்னதாகவே கிளம்ப என்று சிறிது சிறிதாகப் போவதால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மழைக்கு விட்ட விடுமுறையைச் சனிக்கிழமையில் ஈடு செய்யும்போது பிள்ளையைத் தவறாது அனுப்புங்கள் என்று பள்ளி வற்புறுத்துவதற்கும் இதுவே காரணம்.

இரண்டாவது, உணவு. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் மாநிலம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்துவிட்டது. 1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு பரவலாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, முதற்கட்டமாக 1,545 பள்ளிகளுக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஊரகப் பகுதிகளிலுள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அதை விரிவாக்கும் விழா 2024 ஜூலை 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில் நடைபெற்றது. நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில் வந்தது.

உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரும் யாருக்கு மிகவும் தேவை என்பதைத் தொழிற்பேட்டைப் பகுதியில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தாய் அடுப்பு மூட்ட நேரமின்றி, ஒரு ரொட்டிப் பொட்டலத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். மதியம் வரை அதுவே அந்தப் பிள்ளையின் ஆகாரம். ஆகவே பெற்றோருக்கு இதில் மூன்று நினைவூட்டல்கள். காலை உணவு முதல் மணிக்கு முன்னரே பரிமாறப்படுவதால், பத்து நிமிடத் தாமதமும் பிள்ளையைப் பட்டினியாக வகுப்பில் உட்கார வைத்துவிடும். ஏதேனும் ஓர் உணவு உங்கள் குழந்தையின் உடலுக்கு ஒவ்வாது என்றால் அதை முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளியில் உண்பதை இழிவாகக் கருதும் ஒரு சொல்கூட வீட்டில் பிறக்க வேண்டாம். ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே உணவை உண்ணும் பிள்ளைகள் அங்கே கற்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

மூன்றாவது, சான்றிதழ்கள். இதைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேச வேண்டும்.

எங்கள் பகுதிச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் வருவார்கள். மழைக்காலம் முடிந்து வருபவர்கள், அடுத்த மழை தொடங்குமுன் ஊர் திரும்பிவிடுவார்கள். ஓர் ஆண்டு தைப்பொங்கல் முடிந்ததும் அப்படி வந்த ஒரு குடும்பத்தின் சிறுவன் எங்கள் பள்ளியில் சேர்ந்தான். எட்டு வயதிருக்கும். இரண்டே மாதத்தில் தமிழ் எழுத்துகளை எழுதக் கற்றான். கணக்கில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை முந்தினான். மே மாத இறுதியில் ஓரிரவு அந்தக் குடும்பம் ஊருக்குக் கிளம்பிவிட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. கோடை விடுமுறை என்பதால் எங்களுக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு சூளைக்குத் திரும்பிய அந்தச் சிறுவனைப் பச்சைக் கல் அடுக்கும் இடத்தில் கண்டேன். சொந்த ஊர்ப் பள்ளியில் சான்றிதழ் கேட்டார்களாம்; இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆறு மாதமாகப் பையன் எந்தப் பள்ளியிலும் இல்லை. கற்ற எழுத்துகளில் பாதி அவனுக்கு மறந்திருந்தது.

சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் குழந்தை, மாநிலத்துக்குள் ஆயினும் வெளி மாநிலத்துக்கு ஆயினும், வேறு பள்ளிக்கு மாறிச் செல்ல உரிமையுடையது. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனடியாக வழங்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் புதிய பள்ளி அக்குழந்தையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் மறுக்கக் கூடாது. பள்ளியே செல்லாதிருந்த குழந்தையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பிறருக்கு இணையாக வருவதற்குத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும். ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இவை உரிமைகள்.

அந்தச் சிறுவனை நாங்கள் மீண்டும் சேர்த்துக்கொண்டோம். ஆயினும் ஓர் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. இவ்வளவையும் அறிந்திருந்த நான், அந்தத் தந்தைக்கு முந்தைய ஆண்டே அதை எடுத்துச் சொல்லவில்லை. அதன் பின்னர் ஆண்டுதோறும் மாசி மாதம் பிறந்ததும் ஓர் அறிவிப்பை நானே சூளைகளுக்கு எடுத்துச் சென்றேன். இந்தி தெரிந்த மேஸ்திரி ஒருவர் அதை உரக்கப் படித்துச் சொல்வார். 'ஊருக்குப் போகும் நாளைச் சொல்லுங்கள். சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள். அது இல்லாவிட்டாலும் உங்கள் பிள்ளையை எந்த அரசுப் பள்ளியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.' அவ்வளவுதான் அந்த அறிவிப்பு. சூளையில் மட்டுமன்று, வாடகை வீடு மாறி அடுத்த ஊருக்குச் செல்லும் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கும் இதே நினைவூட்டல் பொருந்தும்.

நான்காவது, உடல்நலம். ஐந்து வயதில் ஒரு தடுப்பூசியும் பத்து வயதில் ஒரு தடுப்பூசியும் போட வேண்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு ஊசி போட மறவாத தாய்மார்கள் இவ்விரண்டையும் மறந்துவிடுவது வழக்கம். ஆண்டுக்கு இருமுறை பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை தருகிறார்கள். குடலில் புழு இருந்தால் உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாது, இரத்தம் குறையும், பிள்ளை சோர்ந்து கிடக்கும். ஒரே நாளில் எல்லாருக்கும் கொடுப்பதற்குக் காரணம், ஒருவரிடமிருந்து மண் வழியாகவும் கை வழியாகவும் மற்றவருக்குப் பரவுவதைத் தடுப்பதே ஆகும். அன்று காய்ச்சலாக இருந்தால் சொல்லிவிடுங்கள். மாத்திரையைப் பிறகு தருவார்கள். பலகையில் உள்ள எழுத்து தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளாதீர்கள். 'மந்தம்' என்று பெயர் வாங்கிய சில பிள்ளைகள் மூக்குக்கண்ணாடி போட்டவுடன் வகுப்பில் முன்னணிக்கு வந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஐந்தாவது, வழி. நெடுஞ்சாலையிலும் தொழிற்பேட்டைச் சாலைகளிலும் கனரக வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. இருப்புப்பாதையைக் குறுக்கே கடந்து வரும் பிள்ளைகளும் உண்டு. பள்ளி விட்டதும் பிள்ளையை யார் அழைத்துச் செல்வார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேறொருவர் வருவதாக இருந்தால் காலையிலேயே சொல்லியனுப்புங்கள். 'மாமா அனுப்பினார்' என்று யார் வந்து கேட்டாலும் பிள்ளையை ஒப்படைக்க ஆசிரியர் மறுத்தால் அவர் மீது சினம் கொள்ளாதீர்கள். அவர் உங்கள் பிள்ளைக்காகவே மறுக்கிறார்.

ஆறாவது, கூட்டம். பெற்றோருக்கு அக்கறையில்லை என்று நானும் பல ஆண்டுகள் குறைபட்டதுண்டு. பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைப்பேன். நாலைந்து பேர் வருவார்கள். ஒருநாள் ஒரு தந்தை, "வரணும்னுதான் சார் இருக்கு. வந்தா ஒருநாள் சம்பளம் போயிடும்" என்றார். பகல் வேலைக்காரர் அப்போது ஆலையில் இருப்பார். இரவு வேலைக்காரர் உறங்கிக்கொண்டிருப்பார். இதை எண்ணிப் பாராமல் அக்கறையின்மை என்று பெயர் சூட்டியது என் அவசரம். பின்னர் மாலை ஆறு மணிக்கு மேல் கூடத் தொடங்கினோம். வராதவர்கள் வந்தார்கள், வாய் திறவாதவர்கள் பேசினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குச் சட்டமே இடம் வகுத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. குடிநீர், கழிப்பறை, ஆசிரியர் எண்ணிக்கை, சுற்றுச்சுவர் என்று எதைப் பற்றியும் அங்கே கேட்கலாம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், தொண்ணூறு வரை மூவர் என்ற கணக்கும் அதே சட்டத்தில் உள்ளதுதான். தீப்பற்றினால் பிள்ளைகள் வெளியேற எத்தனை வழி இருக்கிறது என்றும் கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. அந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரை எந்தத் தலைமையாசிரியரும் தொந்தரவாகக் கருதலாகாது.

இதுவரை பெற்றோருக்குச் சொன்னேன். என் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அறிவிப்பை எப்படி எழுதுவது என்பதில் நம்மிடம் ஒரு பழைய நோய் இருக்கிறது. 'இப்பள்ளியில் பயிலும் மாணவ மாணவியரின் பெற்றோர் தத்தம் குழந்தைகளின் பிறப்புச் சான்று நகலினை எதிர்வரும் 14-ஆம் தேதிக்குள் தவறாது சமர்ப்பிக்குமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று நானே எழுதியிருக்கிறேன். அதைப் படித்த ஒரு தாய், சான்று இல்லாவிட்டால் பிள்ளையின் பெயரை நீக்கிவிடுவார்கள் போலும் என்று அஞ்சி, நான்கு நாள் பிள்ளையை அனுப்பவே இல்லை. பிறகு அதையே இப்படி எழுதினேன்: 'வெள்ளிக்கிழமைக்குள் பிறப்புச் சான்றின் நகல் ஒன்றைக் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம். எங்கே வாங்குவது என்று சொல்கிறோம். பிள்ளையை நாள்தோறும் அனுப்புங்கள்.' ஓர் அறிவிப்பில் ஒரு செய்தி போதும். என்ன, எப்போது, எதைக் கொண்டுவர வேண்டும், ஏன் என்பது அதில் இருக்க வேண்டும். தேதியோடு கிழமையும் இருக்க வேண்டும். முடியாதவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் மறவாமல் எழுத வேண்டும். எழுதியதை வகுப்பில் உரக்கப் படித்து, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லச் செய்து அனுப்பினால் செய்தி பாதி வழி கடந்துவிடும்.

எட்டு வயது நிறைவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் எழுதப் படிக்கவும் கணக்கிடவும் அறிந்திருக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் 2022 ஜூன் 13 அன்று நம் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பயனை எவ்வாறு அளப்பது என்று அறிஞர்கள் ஆராயட்டும். எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்று உண்டு.

மழையில் நின்ற அந்தச் சிறுமி மூன்றாம் வகுப்புக்கு வந்தபின், ஒரு மாலை நான் அவர்கள் தெரு வழியாகச் சென்றேன். வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய தாய் வாசற்படியில் அமர்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அருகில் நின்று மகள், பள்ளியிலிருந்து கொண்டுவந்த அறிவிப்பை விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டிருந்தாள். 'நாளை சனிக்கிழமை பள்ளி உண்டு' என்பதுதான் செய்தி. படித்து முடித்ததும் தாய், "இன்னொரு தடவை படி" என்றாள். செய்தி விளங்காமல் அவள் அப்படிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் வேலியோரத்தில் நின்று இரண்டாம் முறையும் கேட்டுவிட்டுத்தான் நடந்தேன்.